ஒற்றைத் தலைவலியும் உயர் இரத்த அழுத்தமும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்றவை. காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதி. ஒற்றைத் தலைவலியும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக வருவது. பசையின் நெடி, வெக்கை, நேரம் தவறிய உணவு, குறைந்த உறக்கம் ஆகிய அனைத்தும் அதனைத் தூண்டவல்லவை. இத்தகைய பணிச்சூழலில் தலைவலி வேலையோடு வரும் தொல்லையாகவே எண்ணப்பட்டுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான எண்ணமும் மக்களிடையே உண்டு: தலை வலித்தால் ‘பிரஷர்’, வலிக்காவிட்டால் பிரஷர் இல்லை என்பது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வறிகுறியும் காட்டாது. அளந்து பார்ப்பதன்றி அதனை அறிய வேறு வழியில்லை.

எனினும் இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. ஒற்றைத் தலைவலியருள் சிலருக்கு, வலிக்கு முன் 5 முதல் 60 நிமிடம் வரை ஒளிக்கீற்றுகளோ வளைந்த கோடுகளோ தோன்றும். கை, முகம் மரத்துப்போவதும் உண்டு. இதனை ‘ஆரா’ என்பர். அமெரிக்காவில் 45 வயதைக் கடந்த 27,840 பெண்களை ஏறத்தாழ பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், ஆரா உடையோர்க்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெருநோய்களின் இடர் இருமடங்கானது. ஆரா இல்லாதோர்க்கு அவ்வாறு உயரவில்லை. தனியொருவர்க்கு இவ்விடர் சிறிதே: வயது வேறுபாட்டைச் சரிசெய்தபின் ஆண்டுக்குப் பதினாயிரம் பெண்களுக்கு 18 நிகழ்வுகள் கூடுதல். ஆனால் அளக்கப்படாத இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் சேருமிடத்து அது சிறிதாக நிற்பதில்லை.

மருந்தும் கவனத்திற்குரியது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு, அதற்கான மருந்துகளின் பயனையும் குறைக்கக்கூடியவை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இவற்றை உட்கொண்டுவந்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகும். டிரிப்டான் வகை மருந்துகள் இரத்தக் குழாயைச் சுருக்குவதால், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உடையோர்க்கு ஆகா. ஆரா உடைய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் ஏற்றதன்று. மாறாக, புரோப்ரனலால் இரு நோய்க்கும் பயன்படுவது. ஆஸ்துமா உள்ளவர்க்குத் தவிர்க்க வேண்டியது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1991–94லும் 2010–12லும் வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இதயநோய்க் காரணிகளைக் கணக்கெடுத்தனர். இடைப்பட்ட காலத்தில் உயர் இரத்த அழுத்தம் கூடியிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த மருந்தை வீட்டிற்கே கொண்டு சேர்க்கிறது. பகலெல்லாம் தொழிற்சாலையில் இருக்கும் பெண்ணை வீட்டில் காண்பது அரிது. பணியிடத்திலேயே இரத்த அழுத்தம் அளக்கப்படுமாயின், தலைவலிக்கு முன் கண்ணில் ஒளி தெரிகிறதா, மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை உட்கொள்கிறார் என்னும் இரு வினாக்களையும் உடன் கேட்டுக் குறிப்பதற்குக் கூடுதற் கருவி எதுவும் தேவையில்லை.