கதைகளில் பெருந்தீ



கதை புனைவோர்க்குப் பெருந்தீயைப் போல் எளிதில் வந்து உதவும் கருவி பிறிதொன்று இல்லை. பிரிந்த காதலரை ஒரே இரவில் சந்திக்க வைக்க வேண்டுமா? மறைத்து வைத்த உயிலை அழிக்க வேண்டுமா? முடிச்சுகள் மிகுந்து, அவிழ்க்க வழி தோன்றாத கதையை எப்படியேனும் முடித்துவிட வேண்டுமா? ஓர் ஊரைக் கொளுத்திவிட்டால் போதும். இத்தகைய தீயை நான் 'வசதித் தீ' என்பேன். அது கதாசிரியரின் ஏவலுக்கு எரிகிறது. அவர் வேலை முடிந்ததும் அணைந்துவிடுகிறது. அதில் மாண்டவர்களைப் பற்றிப் பின்னர் எவரும் பேசுவதில்லை.

பேரிலக்கியங்களில் எரியும் தீயோ அவ்வாறு அணைவதில்லை. அனல் தணிந்த பின்னர், 'இதனை மூட்டியவர் யார்? இதற்குரிய பழியைச் சுமப்பவர் யார்?' என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களே கதையை மேலும் நடத்திச் செல்கின்றன. மூன்று நகரங்களைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

முதலாவது, ரோமாபுரி. கி.பி. 64 ஜூலையில் அந்நகரம் பல நாட்கள் எரிந்தது. அதன் 14 வட்டாரங்களுள் 4 மட்டுமே முழுவதும் தப்பின என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். தீ தற்செயலாக மூண்டதா, மன்னன் நீரோவின் சூழ்ச்சியா என்பதை அவர் முடிவு கட்டவில்லை. போலந்து நாட்டு ஆசிரியர் சியென்கியேவிச், 1896இல் நூலாக வெளிவந்த 'குவோ வாடிஸ்' என்னும் நாவலில் அந்த ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. டிராய் நகரம் எரிந்ததைப் பாட விரும்பும் நீரோ, எரியும் நகரம் ஒன்றைத் தான் கண்டதில்லையே என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்திற்கு ரோமாபுரி இரையாகிறது. ஆயினும் கதையின் கொடுமை எல்லாம் தீயில் இல்லை. தீக்குப் பின்னரே வருகிறது. சினங்கொண்ட மக்களுக்குக் குற்றவாளி என்று எவரையேனும் காட்ட வேண்டும். எளியவரான கிறிஸ்தவர்கள் மீது பழி சுமத்தப்படுகிறது. கதைத்தலைவி லிகியாவும் சிறைப்படுகிறாள். பழியைக் கிறிஸ்தவர் மீது நீரோ சுமத்திய செய்தியை டாசிட்டசும் கூறியிருக்கிறார். எனவே இது வெறும் கற்பனையும் அன்று.

இரண்டாவது, மாஸ்கோ. 1812 செப்டம்பரில் நெப்போலியனின் படை புகுந்தபோது அந்நகரம் எரிந்தது. 'போரும் வாழ்வும்' என்று தமிழில் வழங்கும் நாவலில் டால்ஸ்டாய் இதனை விரித்துரைக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ரஷ்யர்களைக் குற்றஞ்சாட்டினார்கள். ரஷ்யர்கள் பிரெஞ்சுக்காரர்களைக் குற்றஞ்சாட்டினார்கள். டால்ஸ்டாயோ இரண்டையும் ஏற்கவில்லை. மரத்தால் கட்டிய நகரம். குடிமக்கள் அதனை விட்டு நீங்கிவிட்டார்கள். அயல்நாட்டுச் சிப்பாய்கள் வீடுதோறும் அடுப்பு மூட்டுகிறார்கள், சுங்கான் புகைக்கிறார்கள். அத்தகைய நகரம் எரியாமல் இருப்பதுதான் வியப்பு என்பது அவர் கருத்து. ஆனால் படைத்தலைவர்களுக்கு அந்த விடை போதவில்லை. எரியும் வீட்டின் தோட்டத்திலிருந்து ஒரு சிறுமியை மீட்ட பியர், தீ வைத்தவன் என்ற ஐயத்தின் பேரில் சிறைப்படுகிறான். அவன் கண்ணெதிரே ஐவர் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். அவர்களுள் ஒருவன் 18 வயதுத் தொழிற்சாலை இளைஞன். எவரும் திட்டமிட்டு மூட்டாத தீக்கு ஏதுமறியாதவன் உயிர் கொடுக்கிறான். மாஸ்கோவை விழுங்கிய நெருப்பைவிட இந்தக் காட்சியே என் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

மூன்றாவது, நம் மதுரை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் தவற்றை உணர்ந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து இறந்துவிடுகிறான். கோப்பெருந்தேவியும் உயிர் துறக்கிறாள். வசதித் தீயை விரும்பும் ஆசிரியராயின் மன்னனை அத்தீயிலேயே மாய்த்திருப்பார். இளங்கோவடிகள் அவ்வாறு செய்யவில்லை. குற்றவாளி மறைந்த பின்னரே நகரம் எரிகிறது. இதனால், ஒருவன் செய்த பிழைக்கு ஊர் முழுவதும் பொறுப்பாகுமா என்னும் வினா தானே எழுகிறது. கண்ணகியும் அதனை அறிந்தவள் போலவே பேசுகிறாள். அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவிகள் ஆகியோரை விடுத்துத் தீயோர் பக்கமே சேர்க என்று தீக்கடவுளை ஏவுகிறாள். மற்றொன்றும் கருதத்தக்கது. ரோமாபுரியிலும் மாஸ்கோவிலும் பழி பிறர் தலையில் ஏற்றப்பட்டது. கண்ணகியோ மதுரை எரிந்தது தன் ஏவலால் என்பதை மறைக்கவில்லை.

எனினும் அங்கும் பழி எல்லை கடந்தது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று அக்காப்பியமே கூறுகிறது. சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன், மடிந்தவர் ஆயிரவர். குழவிகளைக் காக்குமாறு கண்ணகியால் தீக்குக் கட்டளையிட முடிந்தது. மன்னனின் வாளுக்கோ அத்தகைய கட்டளை இடுவார் இல்லை.

நண்பர்களே, பெரிய நெருப்பு மூளும்போது அச்சமும் சினமும் கொண்ட மக்கள் விரைவில் ஒரு பெயரைத் தேடுகிறார்கள். அப்பொழுது கையில் அகப்படுபவர் பெரும்பாலும் எளியவராகவே இருக்கிறார். கதையில் மட்டும் அன்று, நாட்டிலும் இதுவே நிகழ்கிறது. ஆதலின் பெருந்தீ வரும் கதையைப் படிக்கும்போது, சுடரின் அழகிலே மயங்கி நின்றுவிடாதீர்கள். சாம்பல் ஆறிய பின்னுள்ள பக்கங்களைப் பொறுமையுடன் படியுங்கள். பழி யார் மீது விழுந்தது, அது நேர்மையாக விழுந்ததா என்று கேளுங்கள். நீங்களே கதை எழுதி, அதில் ஓர் ஊரைக் கொளுத்த நேருமாயின், மறுநாள் காலையில் அவ்வூரில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.