முகாம் பிள்ளைகளுக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா



எங்கள் மருத்துவமனைக்கு அருகிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதியிருக்கிறோம். 1983-க்குப் பின் வந்த குடும்பங்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதுபோன்ற 108 முகாம்களில் 58,822 பேர் இருப்பதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் "கதைப்பார்கள்", பள்ளிக்கூடத்தில் "பேசுவார்கள்". அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

சென்ற வருடம் எங்கள் ஊழியர் சிலர் அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சந்திக்கப் போனார்கள். "நன்றாகப் படித்தால் அரசாங்க வேலை கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னார். பின்னால் இருந்த பையன், "எங்களுக்குக் கிடைக்காது, சார்" என்றான். எங்களிடம் பதில் இல்லை. மூன்று சனிக்கிழமைகளுக்குப் பிறகு வேலை மிகுதியால் போவதும் நின்றுவிட்டது. நான்காவது சனிக்கிழமை பிள்ளைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள் என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். இது எங்கள் குறை. ஒளிக்காமல் எழுதுகிறோம்.

அந்தப் பையன் தெரிந்துதான் சொன்னான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. 2019-ஆம் வருடத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆகவே குடியுரிமை கேட்கும் வேலைகள் பெரும்பாலும் இவர்களுக்கு எட்டுவதில்லை. ஆனால் கல்லூரிப் படிப்பு உண்டு, அதற்கு அரசு உதவித்தொகை உண்டு, தனியார் வேலை உண்டு. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று நேராகச் சொல்லத் தெரிந்தவரே இவர்களுக்கு வழிகாட்டியாயிருக்க முடியும். பையன்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்போடு பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கையில் அன்றாடம் கூலி வருகிறது. அதை விட்டுவிட்டு மூன்று வருடம் படி என்று சொல்ல, வெறும் அறிவுரை போதாது.

மறுபடியும் தொடங்க விரும்புகிறோம். இம்முறை ஒரு பிள்ளைக்கு ஒருவர், குறைந்தது ஒரு வருடம். அமெரிக்காவில் இத்தகைய வழிகாட்டிகளைப் பற்றி 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவே அதிக நன்மை தந்தது என்று கண்டார்கள். மூன்று மாதத்துக்குள் முறிந்த இடத்தில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. நாங்கள் செய்தது அதுதானோ என்ற பாரம் எங்களுக்கு உண்டு.

முகாமுக்குள் போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்திருக்கிறோம். வருகிறவர்கள் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று தர வேண்டும். உங்களை நம்பாமல் அல்ல. பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிம்மதியாய் இருக்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு அண்ணன்மார், பெண்பிள்ளைகளுக்கு அக்காமார். சந்திப்பது எல்லோரும் பார்க்கும்படி முகாம் பொதுக்கூடத்திலேதான். வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது. பணமோ துணிமணியோ கையில் கொடுக்கவும் கூடாது. கொடுக்க மனமுள்ளவர்கள் மருத்துவமனை அலுவலகத்தில் செலுத்துங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் அது உதவும்.

டியூஷன் எடுக்கத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர், தான் எப்படி இந்தப் படிப்பில் சேர்ந்தார், முதல் வருடம் எதில் தோற்றார் என்று சொன்னதைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்டார்கள். செவிலியர், எலக்ட்ரீஷியன், வங்கியில் இருப்பவர், கடை வைத்திருப்பவர் யாரும் வரலாம்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மாலை 4 மணி முதல் 6 மணி வரை. பன்னிரண்டு மாதமும் வர முடியுமா என்று வீட்டாரோடு கலந்து பேசி, பிறகு எழுதுங்கள். ஆறு மாதந்தான் முடியும் என்றால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளைச் சந்திக்கும் பொறுப்பு அல்லாமல், விண்ணப்பங்களை நிரப்பும் வேலை உங்களுக்காக இருக்கிறது.