ரேந்தைப் பின்னலும் நூற்கட்டையின் வடிவமும்

'ரேந்தை' என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து நம் வழக்கிற் புகுந்த சொல்லாகும். காலி, வெலிகமப் பகுதிகளில் இன்றும் பயிலப்படும் 'பீரளு' ரேந்தையின் பெயரும், நூல் சுற்றும் கட்டையைக் குறிக்கும் 'பில்ரு' எனும் போர்த்துக்கேயச் சொல்லோடு தொடர்புடையதே. கருவியின் பெயரே கலைக்கும் பெயராயிற்று. அக்கருவியின் வடிவம் அழகு கருதியதா, தொழில்முறை கருதியதா என்பதை ஈண்டு நோக்குவோம்.

இப்பின்னலின் அடிப்படை அசைவுகள் இரண்டே. திண்டின்மேல் துளையிட்ட மாதிரித்தாளைப் பொருத்தி, கட்டைகளை இணை இணையாகத் தொங்கவிடுவர். ஒரு வேளையில் நான்கு கட்டைகள் கையாளப்படும். நடுவிலுள்ள இரண்டில் இடக்கட்டையை வலக்கட்டையின் மேலாக இடுதல் குறுக்கீடு; ஒவ்வோர் இணையிலும் வலக்கட்டையை இடக்கட்டையின் மேலாக இடுதல் முறுக்கு. குறுக்கீடு, முறுக்கு, குறுக்கீடு என அமையின் துணி போன்ற நெருக்கம் உண்டாகும். குண்டூசிகள் பின்னலை நிலைநிறுத்த, கட்டையின் நிறை நூலைத் தளராது காக்கும்.

இங்கிலாந்தின் இரு மரபுகளை ஒப்பிடுவோம். டெவன் பகுதியின் ஹொனிற்றன் ரேந்தையிற் பூவும் இலையும் தனித்தனியே இயற்றப்பட்டுப் பின்னர் இணைக்கப்படும். 1840 இல் விக்டோரியா அரசியாரின் மணவுடையை அணிசெய்தது இவ்வகையே. உறுப்புகளை இணைக்கையில், முன் முடித்த பின்னலின் விளிம்பில் நூலைக் கண்ணியாக இழுத்து, அக்கண்ணியினூடே கட்டையைச் செலுத்தல் வேண்டும். எனவே அக்கட்டை மெலிந்து, வழுவழுப்பாய், நுனி கூர்ந்திருக்கும். மணிகள் கோத்திருப்பின் அவை கண்ணியிற் சிக்கும்.

பக்கிங்ஹாம்ஷயர் மரபிலோ, பூவும் வலைத்தளமும் ஒருங்கே தொடர்ச்சியாகப் பின்னப்படுகின்றன. கண்ணியினூடே செலுத்தும் தேவை பெரிதும் இல்லை. ஆகவே மெல்லிய கட்டையின் அடியிற் கண்ணாடி மணிகளைக் கம்பியிற் கோத்துக் கட்டினர். மணிகள் நிறையைக் கூட்டுவதோடு, கட்டை உருண்டு நூலின் முறுக்குக் குலைவதையும் தடுக்கின்றன. அணிபோலத் தோன்றுவது உண்மையில் தொழிற்கருவியின் உறுப்பாதல் இங்குப் புலனாகின்றது.

நூலின் பருமையும் கருதத்தக்கது. தோர்ச்சோன் போன்ற தடித்த நூற் பின்னலுக்குக் கனமான கட்டை பொருந்தும். அதனை மென்னூலிற் கட்டின் நூல் அறும். இலேசான கட்டையைத் தடித்த நூலிற் கட்டின் பின்னல் தளரும்.

ஆகவே கட்டையைத் தெரிவோர் முதலில் வினவவேண்டியவை இரண்டு: இது கண்ணியினூடே செல்லவேண்டுமா? நூல் எவ்வளவு நிறையைத் தாங்கும்? பழைய ரேந்தைகளைப் பேணுவோர் பலர். கட்டைகளைப் பேணுவோர் சிலரே. கட்டை மறையின் அதனை இயக்கிய கைகளின் அறிவையும் நாம் இழந்தவராவோம். நம் தென்கரைப் பீரளுக் கட்டைகளையும், அவற்றை இயக்கும் பெண்களின் சொல்வழக்கையும் ஒருங்கே பதிவுசெய்தல் நமக்குரிய கடமையாகும்.