வாகனத் துவாயை வீட்டு உடுப்போடு சேர்க்காதீர்கள்



விடுமுறை நாளில் வீட்டு ஆண்கள் காரையோ முச்சக்கர வண்டியையோ கழுவித் துடைத்துவிட்டு, ஈரத் துவாய்களை எங்கே போடுகிறார்கள்? நேரே நம் உடுப்புக் கூடைக்குள்தான்! அடுத்த முறை துடைக்கும்போது வண்டியில் மெல்லிய கீறல் விழுந்தால், "என்ன சவுக்காரம் போட்டுக் கழுவினாய்?" என்ற கேள்வியும் நமக்குத்தான் வரும்.

மைக்ரோஃபைபர் எனப்படும் இந்தத் துவாய் பார்வைக்குப் பருத்தி போலிருந்தாலும் பருத்தியல்ல. பாலியெஸ்டரும் நைலோனும் கலந்த பிளாஸ்டிக் இழை. பெரும்பாலும் நூற்றுக்கு 80 பங்கு முன்னது, 20 பங்கு பின்னது. தலைமயிரை விட மிக மெல்லிய அந்த இழைகளையும் கீற்றுக் கீற்றாகப் பிளந்திருப்பார்கள். அந்த இடுக்குகளில்தான் தூசியும் ஈரமும் போய்த் தங்குகின்றன. இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பருத்தி உடுப்போடு போட்டால் அதன் தும்பு முழுவதையும் இது பிடித்துக்கொள்ளும். பிறகு துடைத்த கண்ணாடியெல்லாம் தும்புதான். உடுப்பை மெதுவாக்க ஊற்றும் வாசனைத் திரவம் இழைகளின் மேல் படலமாகப் படிந்து, இடுக்குகளை அடைத்துவிடும். பின் துவாய் நீரை உறிஞ்சாது. (கார் துடைக்கும் துணி மணக்காவிட்டால் என்ன?) பிளீச்சும் ஆகாது. கொதிநீரும் அயனும் இழையை இளக்கி முரடாக்கும். கீறல் விழுவது அதனாலும்தான். ஆகவே பச்சைத் தண்ணீர் அல்லது இளஞ்சூட்டு நீர், கொஞ்சமாகத் திரவச் சவுக்காரம், நுரை முற்றாகப் போகும் வரை அலசல். இவ்வளவு போதும்.

கழுவுமுன் பிரித்துவிடுங்கள். சில்லும் அடிப்பாகமும் துடைத்த துவாயில் மண்ணும் பிரேக்கின் கரித்தூளும் தெருவின் அசுத்தமும் இருக்கும். அதைத் தொழுகை உடுப்பு ஊறும் வாளியின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். தனி வாளியில் ஓடும் நீர்விட்டுக் கழுவுங்கள். மெழுகு பூசிய துணியும் தனியே. நிலத்தில் விழுந்த துவாயால் அதன்பின் வண்டியின் உடலைத் துடைக்க விடாதீர்கள். ஒரு மணல் போதும், வர்ணத்தில் கோடு கிழிக்க.

காயப்போடுவதில் முகத்துவாரத்துப் பெண்களுக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. கடற்காற்றில் வேகமாகக் காயும் என்பது உண்மைதான். ஆனால் அதே காற்று மணலையும் உப்பையும் கொண்டுவந்து இழைக்குள் செருகிவிடும். கடலைப் பார்த்த கொடியை விட்டு, விறாந்தையின் உட்பக்கம் நிழலில் போடுங்கள். காய்ந்ததும் உதறி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

இனி, கழுவிய நீர் எங்கே போகிறது? கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்கள் கடலில் முடியும் இடங்கள் இரண்டு. தெற்கே வெள்ளவத்தை, வடக்கே நம் முகத்துவாரம். குழாயில் சேராத நீரோ கானிலும் கால்வாயிலும் ஓடி ஆற்றையோ கடலையோ அடையும். களனி கங்கை கடலில் விழுவதும் இங்கேதான். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்ததையும், மீன்பிடி தடைப்பட்டதையும், மீன் வாங்கவே நாம் தயங்கியதையும் மறக்க முடியுமா? அது கண்ணில் பட்டது. நம் வாளியிலிருந்து போகும் பிளாஸ்டிக் தும்பு கண்ணில் படாது, அவ்வளவே வேறுபாடு.

முற்றாக நிறுத்த முடியாது, குறைக்கலாம். ஒவ்வொரு துவாயாகக் கழுவாமல் சேர்த்துக் கழுவுங்கள். மெஷினில் போட்டால் குறுகிய நேரச் சுற்று, குளிர்ந்த நீர். அலசிய நீரை நெருக்கமான பழைய துணியில் வடித்து ஊற்றினால் தும்பில் ஒரு பகுதியாவது தங்கும். அந்தத் தும்பைக் கானில் தட்டாமல், கடதாசியில் சுற்றிக் குப்பையோடு கொடுத்துவிடுங்கள். தேய்ந்த துவாயை முதலில் சில்லுக்கு ஒதுக்குங்கள். அதற்கும் உதவாமல் போனால் குப்பை வண்டிக்கு. அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், அது பிளாஸ்டிக் புகை.