தாடைக் கீல் வலி: பல்லைப் பிடுங்கும் முன்

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள், உப்புத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடிபட்ட இறாலைப் போட பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இறால் சேரச் சேரப் பறி கனக்கும், பல்லின் பிடியும் இறுகும். மணிக்கணக்கில் இதே வேலைதான். இப்படி இறால் பிடிப்பவர்களில் இருளர் பெண்கள் அதிகம்.

அந்தப் பாரம் போய்ச் சேரும் இடம் காதுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், ஏதோ உருள்வது தெரியும். அதுதான் தாடைக் கீல். கதவுக் கீல் சுழல மட்டும் செய்யும். இது சுழன்றுகொண்டே முன்னுக்கும் வழுக்கும். கீழ்த்தாடையின் முனைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று உண்டு. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள தசைகள்தான் தாடையை இறுக்கி மூடுகின்றன.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. நாள் முழுக்கக் கடித்தபடி இருந்தால் தசை சோர்ந்து வலிக்கும், கீலும் நோகும். பறி மட்டுமல்ல, வலை நூலைப் பல்லால் அறுப்பது, நண்டுக் காலைக் கடித்து உடைப்பது, கவலையில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது எல்லாமே தாடைக்குச் சுமைதான். அடிபட்டாலும் மூட்டுவாதத்தாலும் வலி வரலாம்.

இந்த வலி இருந்த இடத்தில் இருக்காது. காதுக்குப் போகும், பொட்டுக்குப் போகும், கடவாய்ப் பல்லுக்கு இறங்கும். அதனால்தான் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்கள், சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம். வாய் திறக்கும்போது ‘டக்’கென்று சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் வைத்தியமே தேவையில்லை.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். அதுவரை கஞ்சி, குழைந்த சோறு, முள் நீக்கிய மீன் போதும். சுட்ட கருவாடு, முறுக்கு, வெற்றிலைபாக்கு வேண்டாம். வெந்நீரில் பிழிந்த துணியால் கன்னத்தில் கால் மணி நேரம் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையை வைத்துக்கொள்ளுங்கள். உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, சில நாட்களுக்கு மட்டும் போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குறையவில்லையா? தாடைப் பயிற்சிகளும், இரவில் பல்லில் மாட்டும் தகடும் உண்டு. அறுவைச் சிகிச்சை வெகு சிலருக்கே. கடியைச் சரிசெய்கிறேன் என்று யாராவது பல்லைத் தேய்க்க வந்தால் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது.

ஓய்வெடுங்கள் என்று சொல்வது சுலபம். அன்றைய இறால்தான் அன்றைய அரிசி. ஆனால் பறிக்கு வார் கட்டித் தோளில் மாட்டலாம், அல்லது மிதவையில் பொருத்திப் பக்கத்தில் மிதக்கவிடலாம். அரை நாள் பல்லுக்கு விடுதலை கிடைத்தாலே தாடைக்குப் பெரிய ஆறுதல்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. சேற்றில் காயம்பட்டுச் சில நாளில் தாடை இறுகினால் அது ரண ஜன்னியாக இருக்கலாம். தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் மாரடைப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரி. திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிட்டாலும் அப்படியே. யாரும் தட்டிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. பாக்கு, புகையிலை போடுகிறவருக்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லையென்றால் அது கீல் வலி அல்ல. பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய வாய்நோய் அது.

முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனை. மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்னைக்குப் போய், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். என்ன வேலை செய்கிறீர்கள், பல்லால் எதைக் கவ்வுகிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். பறியைப் பற்றிக் கேட்க மருத்துவருக்குத் தோன்றாது.