மொரிஷியஸ் செல்கிறீர்களா?

மொரிஷியஸில் இறங்கியதும் ரூபாய் நோட்டைப் பாருங்கள். தமிழ் எழுத்து கண்ணில் படும். 1998-ல் வெளியான புதிய நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி அச்சாகியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழவே, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆனால் அங்குள்ள தமிழரிடம் தமிழில் பேசினால் பலருக்கும் புரியாது. அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. "போன்ஜூர்" என்று தொடங்குவதே நல்லது.

இந்தியருக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. ஜூலை, ஆகஸ்டில் அங்கே குளிர்காலம். மேட்டு நிலமான க்யூர்பீப் நகருக்குக் கம்பளிச் சட்டை அவசியம். கிராமப் பேருந்துகள் மாலையோடு நின்றுவிடும். கல்மீனின் முள் கொடிய விஷம். வெறுங்காலுடன் கடலில் இறங்காதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் அதிகம். தைப்பூசமும் அப்போதுதான் வருகிறது. அன்று அரசு விடுமுறை. காத்ர் போர்னில் மலையடிவார முருகன் கோயிலுக்குச் செல்லும் காவடிகளைக் காண அந்த அபாயத்தையும் ஏற்கலாம்.