தேநீர்ச் சோறு

பூவிருந்தவல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானியர் பலர் பணிபுரிகின்றனர். அவர்தம் எளிய உணவொன்று ‘ஒச்சஸுகே’. சோற்றின்மேல் பசுந்தேநீர் வார்த்துண்பது. நம் நீராகாரத்திற்கு உறவினன் போலும்! பண்டு வெந்நீரே வார்த்தனர். எடோ காலத்தில் (1603–1868) தேயிலை எளியோர்க்கும் கிட்டவே, தேநீர் அவ்விடத்தைப் பெற்றது.

கிண்ணத்திற் பாதியளவு சோறிட்டு, உப்பிலிட்ட உமேக் கனியும் வறுத்த எள்ளும் மேலிடுக. உமே கிட்டாதார் மாவடு கொள்ளலாம். அடியேன் நாவிற்கு அதுவே மேல். கொதித்த நீரைச் சற்றே ஆறவிட்டுத் தேயிலையில் வார்த்து, ஓரிரு நிமிடத்தில் வடித்துச் சோற்றில் ஊற்றுக. தாமதிப்பின் கசக்கும்.

மிச்சச் சோறும் இதற்கு ஆகும். ஆயின் ஆவடி வெயிலில் இதனை மறத்தலாகாது: இரவெல்லாம் நீரின்றி வெளியே கிடந்த சோற்றில் ஒருவகை நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும்; அந்நஞ்சு சுடுதேநீரால் அழியாது. ஆதலின் வடித்த சோற்றை விரைவில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே உண்க.